பீஸ் கட்டை என் மடியில இருக்கணும்



ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதல. மல்லாட்டை புடுங்கினது, ஆய ஆள் கிடைக்காம அலைஞ்சது, காயப்போட்ட அன்னைக்கே மழை வந்ததுன்னு வழக்கமான கதையை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். மனசு அதுல போகல. கோவத்துல எழுதுறேன், வார்த்தை தடிச்சிருந்தா பொறுத்துக்குங்க.

எங்க கிணத்து மோட்டாரைப் பத்தி பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பா காலத்து கப்ளிங் செட்டு. மோட்டார் தனி, பம்பு தனி, ரெண்டையும் நடுவுல கப்ளிங் சேர்க்கும். கிணத்துக்குள்ள திட்டு மேல உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்டரும் மெயினும் மேல மோட்டார் கொட்டாய்ல. போன வருஷம் ஸ்டார்ட்டர் பக்கத்துல ஒரு பொட்டி மாட்டினேன். உள்ள சிம் கார்டு இருக்கும். போன்ல இருந்து ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம், எத்தனை மணிக்கு ஓடணும்னு நேரம் வச்சு விடலாம். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல. அந்த ஒரு கம்பெனியோட சங்கதி இல்ல இது.

அன்னைக்கு கப்ளிங்ல ரப்பர் புஷ் தேஞ்சு போய் தடதடன்னு சத்தம். புஷ் மாத்தலாம்னு என் தங்கச்சி மகனைக் கூப்பிட்டேன். காலையில பத்து மணிக்கு நான் வரப்புல நின்னுக்கிட்டே போன்ல ஆஃப் பண்ணினேன். மோட்டார் நின்னுச்சு. "மோட்டார் ஆஃப்"னு மெசேஜும் வந்துச்சு. அவன் உள்ள எறங்கினான். கொஞ்ச நேரத்துல லைன்ல கரண்டு போச்சு. அது தினமும் போறதுதான், நாங்க கவனிக்கக்கூட இல்ல. அவன் போல்ட்டு கழட்டி, புது புஷ் போட்டு, திரும்ப முறுக்கி, ஷாஃப்டு சரியா சுத்துதான்னு கையால சுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தான். நான் மேல விளிம்புல உட்கார்ந்து ஸ்பேனரைக் கயித்துல கட்டி எறக்கிக்கிட்டு இருக்கேன்.

கரண்டு வந்துச்சு. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மோட்டார் தானா எடுத்துச்சு.

யாரும் பட்டனைத் தொடல. யாரும் போன் பண்ணல. என் போன் என் சட்டைப் பையில. அவன் தோள்ல கிடந்த துண்டு கப்ளிங்ல மாட்டி, கையையும் சேர்த்து இழுத்துச்சு. துண்டு நைஞ்சு போன பழசு, கிழிஞ்சு போச்சு. புதுத் துண்டா இருந்திருந்தா இந்தப் பதிவை வேற மாதிரி எழுதிக்கிட்டு இருப்பேன். உள்ளங்கை கிழிஞ்சு ஏழு தையல், நடுவிரல் நகம் போச்சு. உளுந்தூர்பேட்டைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். என் தங்கச்சி என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மூணாம் நாள் அந்தக் கம்பெனியோட இலவச நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி மரியாதையாத்தான் பேசினாரு. எல்லாம் கேட்டுட்டு, "சார், நீங்க ஆட்டோ மோடை கேன்சல் பண்ணலையே. ஆஃப் மட்டும்தான் கொடுத்திருக்கீங்க. கரண்டு வந்ததும் ஷெட்யூல் படி ஆன் ஆகியிருக்கு. டிவைஸ் கரெக்டாத்தான் வேலை செஞ்சிருக்கு" அப்படின்னாரு.

டிவைஸ் கரெக்டாத்தான் வேலை செஞ்சிருக்கு. இந்த ஒரு வரிதான் ரெண்டு மாசமா என் தூக்கத்தைக் கெடுக்குது. பொட்டி ரிப்பேர் ஆகி இப்படி நடந்திருந்தாகூட மனசு ஆறும். ரிப்பேர் இல்லையாம். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்களாம்.

அதாவது, நான் ஒரு தரம் "நில்லு"ன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி எப்பவோ "தினமும் காலையில ஓடு"ன்னு நேரம் வச்சிருந்தேன். கரண்டு போய் வந்ததும் அது மறந்தது நான் கடைசியா சொன்னதை. ஞாபகம் வச்சிருந்தது பழசை. நம்ம வீட்டுல வேலைக்கு நிக்கிற பையன் இப்படிச் செஞ்சா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம். பொட்டி செஞ்சா "கரெக்ட்".

இப்ப என் தப்பையும் சொல்லிடறேன். சொல்லலைன்னா இந்தக் கோவத்துக்கு மரியாதை இல்ல. எங்க அப்பா கிணத்துல எறங்குறதுக்கு முன்னாடி மெயின்ல மூணு பீஸ் கட்டையையும் உருவி, வேட்டி மடியில கட்டிக்கிட்டுத்தான் எறங்குவாரு. மேல ஆள் நின்னாலும் சரி, யாரு நின்னாலும் நம்ப மாட்டாரு. "நீ நல்லவன்தான்டா, ஆனா உன் கை எப்ப எங்க போகும்னு உனக்கே தெரியாது"ம்பாரு. கட்டை அவர் மடியில இருக்கிற வரைக்கும் ஊர்ல எவன் வந்து பச்சை பட்டனை அமுக்கினாலும் மோட்டார் ஓடாது. ரெண்டாம் வகுப்பு தாண்டாத மனுசன். அவருக்குத் தெரிஞ்சது, போன்ல ஆஃப் பண்ண முடியும்னு ஆனதும் எனக்கு மறந்து போச்சு. "ஆஃப்"னு வந்த மெசேஜை நான் பீஸ் கட்டையா நினைச்சுட்டேன். அது கட்டை இல்ல, காகிதம்.

இதை என் மகள்கிட்ட சொன்னேன். அவ கம்ப்யூட்டர் படிச்சுட்டு பெங்களூர்ல டெஸ்டிங் வேலை பார்க்குறா. அடுத்தவன் எழுதின புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கிறதுதான் சம்பளம். "அப்பா, தாத்தா செஞ்சதுக்குத்தான் எங்க ஊர்ல பெரிய பேரெல்லாம் வச்சு கிளாஸ் எடுக்குறாங்க. ஆளைக் கொன்ன புரோகிராம் கதை நிறைய இருக்கு, கேளுங்க"ன்னு ஆரம்பிச்சா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல ஒரு கதை. நானும் தேடிப் படிச்சேன், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இவ்வளவு படிச்சதில்ல. அதுல ஒண்ணு நம்ம கொட்டாய் கதையேதான்.

கனடா நாட்டு அரசாங்க அணுசக்தி நிறுவனம் தெராக்-25ன்னு ஒரு மெஷின் செஞ்சுச்சு. கேன்சர் நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்குறது. அதுக்கு முன்னாடி தெராக்-20ன்னு ஒரு பழைய மெஷின். பழசுல, அளவுக்கு மீறிக் கதிர் போகாம இருக்க தனியா மின்சாரப் பூட்டு, பீஸ் எல்லாம் உண்டு. புதுசுல, "அதான் கம்ப்யூட்டர் பார்த்துக்குமே, எதுக்கு ரெண்டு செலவு"ன்னு அந்தப் பூட்டுகளை எடுத்துட்டு, எல்லாத்தையும் புரோகிராம் தலையில கட்டிட்டாங்க. 1985-லிருந்து 1987-க்குள்ள ஆறு பேருக்கு அளவுக்கு மீறின கதிர் பாய்ஞ்சுச்சு. சிலர் அதனாலயே செத்துப் போனாங்க.

1986 மார்ச்சுல டெக்சாஸ் மாநிலம் டைலர் ஊர்ல நடந்ததைப் படிச்சப்போ எனக்கு கை நடுங்கிடுச்சு. மெஷினை ஓட்டுற அம்மா கைப்பழக்கத்துல ஒரு எழுத்தை மாத்தித் தட்டிடுச்சு. உடனே மேல போய் அதைத் திருத்திட்டு வேகமா அடுத்ததுக்குப் போச்சு. அந்த வேகம்தான் வினை. எட்டு செகண்டுக்குள்ள திருத்தினா, திரையில திருத்தினது தெரியும், உள்ள மெஷினுக்குப் போய்ச் சேராது. திரை ஒண்ணு சொல்லுது, மெஷின் வேற ஒண்ணு செய்யுது. "கோளாறு 54"ன்னு ஒரு வரி வந்துச்சு. 54-ன்னா என்னன்னு யாருக்கும் ஒழுங்கா எழுதிக் கொடுக்கல. ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் இப்படி ஏதாவது நம்பர் வர்றதும், "தொடர்க"ன்னு பட்டனை அமுக்குறதும் அங்க பழக்கம். அந்த அம்மாவும் அமுக்குச்சு. உள்ள படுத்திருந்தவருக்கு ரெண்டாம் தரமும் பாய்ஞ்சுச்சு. அவர் கத்தினது வெளிய கேக்கல, அன்னைக்குன்னு பார்த்து உள்ள பேசுற கருவியும் கேமராவும் வேலை செய்யல.

கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா? எங்க மெஷின் அளவுக்கு மீறிக் கொடுக்கவே முடியாது. மின்சாரம் தாக்கியிருக்கலாம், பாருங்க. மூணு வாரத்துல அதே ஊர்ல இன்னொருத்தர். அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில வேலை பார்த்த இயற்பியலாளரும் அந்த ஓட்டுற அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, எந்த வேகத்துல தட்டினா இது வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்சது கம்பெனி இல்ல, பாவப்பட்டவங்கதான்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. பழைய தெராக்-20 மெஷின்லயும் இதே தப்பு புரோகிராம்ல இருந்திருக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்துல மாணவர்கள் தாறுமாறா தட்டும்போது அடிக்கடி பீஸ் போகுமாம். ஏன் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. மாத்திப் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அதே தப்பு. ஒரு இடத்துல பீஸ் போச்சு, இன்னொரு இடத்துல உயிர் போச்சு. நடுவுல வித்தியாசம் ஒரு துண்டுக் கம்பி. எங்க அப்பா மடியில கட்டினாரே, அது.

இதை நான் டீக்கடையில சொன்னப்போ ஒருத்தர், "அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, இப்பல்லாம் எவ்வளவோ முன்னேறிடுச்சு"ன்னாரு. சரி, கிட்டத்துக்கு வருவோம்.

2018 அக்டோபர் 29. இந்தோனேசியாவுல போயிங் 737 மேக்ஸ் விமானம் கடல்ல விழுந்து 189 பேர் செத்தாங்க. ஓட்டினவர் நம்ம டெல்லிக்காரர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியாவுல அதே ரகம், 157 பேர். விமானத்தோட மூக்கு ரொம்ப மேல தூக்குதுன்னு ஒரு சென்சார் தப்பாச் சொல்லிச்சு. ரெண்டு சென்சார் இருக்கு, ஆனா புரோகிராம் ஒண்ணைத்தான் கேட்டுச்சு. கேட்டுட்டு மூக்கைக் கீழ அழுத்துச்சு. பைலட் தூக்குறாரு, அது திரும்ப அழுத்துது. இப்படி ஒரு புரோகிராம் விமானத்துல இருக்குன்னே பைலட்டுங்களோட புத்தகத்துல எழுதல. மொத விமானம் விழுந்தப்போ கம்பெனிப் பேச்செல்லாம் பைலட் பக்கமே சாய்ஞ்சுச்சு. பைலட் சரியாச் செய்யல, பராமரிப்பு சரியில்ல. ரெண்டாவது விழுந்தப்புறம்தான் உலகம் பூரா அந்த ரகத்தைத் தரையிறக்கினாங்க.

"ஆட்டோ மோடை கேன்சல் பண்ணலையே சார்." இப்பப் புரியுதா இந்தப் பேச்சு எங்க இருந்து வருதுன்னு? டெக்சாஸ்ல ஓட்டுற அம்மா, இந்தோனேசியாவுல பைலட், களமருதூர்ல நான். மெஷின் பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன் தலையில. பத்தாவது படிச்சவன்கிட்ட மட்டும்தான் இப்படிப் பேசுவாங்கன்னு நெனச்சிருந்தேன். ஆயிரம் மணி நேரக் கணக்குல விமானம் ஓட்டினவங்ககிட்டயே இப்படித்தான் பேசியிருக்காங்க. ஒரு வகையில ஆறுதல்.

நம்ம நாட்டுக் கதை வேணும்னா கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 2023 ஜூன் 2, ஒடிசா பாலசோர் பக்கத்துல பகாநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துக்கிட்டு இருந்த வண்டி. மெயின் லைன்ல போன்னு பச்சை விளக்கு. தண்டவாளம் திரும்பியிருந்தது கிளை லைனுக்கு, அங்க சரக்கு வண்டி நிக்குது. 290 பேருக்கு மேல போயிட்டாங்க. பச்சை விழணும்னா தண்டவாளம் நேரா இருக்கணும்னு பூட்டி வைக்கிற சிஸ்டம் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சதுல, 94-ஆம் நம்பர் கேட்டுல தடுப்புக் கம்பம் மாத்துற வேலையிலயும், அதுக்கு முன்னாடி சிக்னல் சர்க்யூட்டை மாத்தின வேலையிலயும் தப்பு நடந்திருக்குன்னு வந்துச்சு. ஒயர் பொய் சொல்லுச்சு, பொட்டி நம்புச்சு, டிரைவர் பொட்டியை நம்பினாரு. யாரும் யாரையும் சந்தேகப்படல.

இதுல நெஞ்சை அடைக்கிறது என்னன்னா, அதே வருஷம் பிப்ரவரி 8-ல கர்நாடகாவுல ஓசதுர்கா ரோடு ஸ்டேஷன்ல இதே மாதிரி, சிக்னல் ஒரு பக்கம் தண்டவாளம் ஒரு பக்கம். டிரைவர் கண்ணால பார்த்து வண்டியை நிறுத்திட்டாரு. மறுநாளே ஒரு ரயில்வே அதிகாரி, இதைச் சரி பண்ணலைன்னா பெரிய விபத்து நடக்கும்னு கடிதம் எழுதினாரு. நாலு மாசத்துல நடந்துச்சு.

இப்பச் சில பேரு சந்தோஷப்படுவாங்க. "அதான் சொல்றோம், மெஷினே வேண்டாம், பழைய காலமே நல்லது"ன்னு. அவங்களுக்கும் சொல்றேன், நான் உங்க கட்சி இல்ல. 2025 ஜூலை 8, நம்ம பக்கத்து மாவட்டம் கடலூர், செம்மங்குப்பம் கேட்டு. காலையில பள்ளிக்கூட வேன் மேல விழுப்புரம் மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூணு புள்ளைங்க செத்துச்சு. அன்னைக்கு அந்த கேட்டுல இன்டர்லாக்கிங் கிடையாது. கேட்டு மூடினாத்தான் சிக்னல் விழும்கிற பூட்டு இல்ல. போன்ல கேப்பாங்க, மூடிட்டேன்னு சொல்லணும், அவ்வளவுதான். அங்க ஒரு பூட்டு இருந்திருந்தா, கேட்டுக்காரர் என்ன சொன்னாலும் சொல்லாட்டியும், வண்டிக்கு சிக்னல் கிடைச்சிருக்காது. மனுசன் வாயை நம்பினதால போன உயிர் அது. பாலசோர்ல போனது பொட்டியை நம்பினதால. ரெண்டு இடத்துலயும் இல்லாம போனது ஒரே பொருள்தான், இவன் பொய் சொன்னா அவன் தடுப்பான்கிற ரெண்டாவது காவல்.

எனக்கு அந்த சிம் பொட்டி வேணும்ங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் விடுவான். அந்நேரத்துல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, வரப்புல பாம்பு எங்க கிடக்குதோன்னு பயந்து பயந்து நடந்து போய் மோட்டார் போட்டவன் நான். எங்க பங்காளி ஒருத்தர் அப்படிப் போனவர் கட்டுவிரியன் கடிச்சு வீடு திரும்பல. பொட்டி வந்தப்புறம் பாயில படுத்தபடியே போடுறேன். முன்னாடியெல்லாம் பச்சை பட்டன்ல குச்சியைச் செருகி, ரப்பர் போட்டு இழுத்துக் கட்டி, கரண்டு வந்தா தானா எடுக்கட்டும்னு விட்ட ஊர்தான் இது. அதைவிட இந்தப் பொட்டி எவ்வளவோ மேல். ஒரு பேஸ் போனா நிறுத்துது, தண்ணி இல்லைன்னா நிறுத்துது, காயில் எரியாம காப்பாத்துது.

கவனிச்சீங்களா? மோட்டாரைக் காப்பாத்த அத்தனை யோசிச்சிருக்காங்க. கரண்டு வந்ததும் உடனே எடுக்காம, வோல்டேஜ் நிலைக்கட்டும்னு ரெண்டு மூணு நிமிஷம் பொறுக்குது. எதுக்கு? மோட்டாருக்கு ஆகாதுன்னு. அந்த ரெண்டு மூணு நிமிஷத்துல ஒரு மணி அடிச்சிருந்தா என் மருமகன் கையை எடுத்திருப்பான். நூறு இருநூறு ரூபா பஸ்ஸர். ரிவர்ஸ் எடுக்குற லாரி கத்துதில்ல, அது மாதிரி கத்திட்டு எடுன்னு ஒரு வரி எழுத முடியாதா? முடியும்னு என் மகள் சொல்றா. வேலையே இல்லையாம். யோசிச்சவங்க மனசுல மோட்டார் இருந்துச்சு, கிணத்துக்குள்ள ஆள் இருப்பான்கிறது இல்ல.

பக்கத்துக் கொல்லைக்காரர் வச்சிருந்த பழைய பொட்டி இன்னும் மோசம். மிஸ்டு கால் கொடுத்தா ஆன், இன்னொன்னு கொடுத்தா ஆஃப். எந்த நம்பர்ல இருந்து வந்தாலும். லோன் வேணுமா சார்னு கூப்பிட்டவன் புண்ணியத்துல அவர் உளுந்து ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. ஊரே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். அந்த நேரத்துல அவர் கிணத்துல இருந்திருந்தா?

புத்தகம் ஒண்ணு கூட வந்துச்சு. இங்கிலீஷ், இந்தி. தமிழ் இல்ல. மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். கடைசிக்கு முந்தின பக்கத்துல எறும்பு சைஸ் எழுத்துல, பராமரிப்பு வேலைக்கு முன்னாடி மெயின் சப்ளையைத் துண்டிக்கவும்னு இருக்கு. போட்டிருக்கேனேன்னு கோர்ட்டுல காட்டுறதுக்கு எழுதின வரி அது. நான் படிக்கிறதுக்கு எழுதினது இல்ல. படிக்கணும்னா தமிழ்ல, பொட்டி மூஞ்சியில, செவப்புல எழுதியிருப்பாங்க: ஆஃப் ஆனாலும் தானே ஓடும், பீஸ் கட்டையை எடு.

மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் நம்ம ஊர்ப் பையன்தான், அவனைக் குறை சொல்லல. போன்ல எப்படி ஆன் பண்றதுன்னு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தான். எப்ப சொல்பேச்சு கேக்காதுன்னு அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கல. மானியத்துல வாங்கின ரெண்டு பேரைக் கேட்டேன். சிட்டா கேட்டாங்க, அடங்கல் கேட்டாங்க, ஆதார், போட்டோ எல்லாம் கேட்டாங்களாம். இந்தப் பொட்டி தப்பா ஓடுமா, ஓடினா எப்படி நிறுத்துறதுன்னு ஒரு பேச்சும் இல்லையாம். மருந்தடிக்க ட்ரோன் பறக்கவிடணும்னா 2021-ல போட்ட ட்ரோன் விதிப்படி அந்த ரகத்துக்குச் சான்று வேணும், ஓட்டுறவனுக்கும் சான்று வேணும். மேல பறக்குறது யார் தலையிலயாவது விழும்னு புரிஞ்சிருக்கு. கீழ கிணத்துல சுத்துற அஞ்சு குதிரை மோட்டாரை எங்கயோ இருக்குற ஒரு டவர் வழியா முடுக்கி விடுறோம், அதுக்கு மானிய ஃபாரம் போதும்.

போன வாரம் ஒரு பயிற்சிக் கூட்டம். பெரிய திரை கட்டி, சென்சார், செயலி, ஸ்மார்ட் விவசாயம்னு படம் காட்டினாங்க. பேசினவர் நல்லாப் பேசினாரு. கடைசியில நான் எழுந்து, "ஐயா, ஆள் உள்ள இருக்கும்போது இது ஓடாதுன்னு எதை வச்சு நம்புறது?"ன்னு கேட்டேன். "ஐயா முன்னேற்றத்தைப் பார்த்து பயப்படக் கூடாது"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு, உட்கார்ந்துட்டேன். அன்னைக்கு சொல்ல வராத பதிலை இங்க எழுதுறேன். ஐயா, நான் பயப்படல. நாப்பது வருஷமா மின்சாரத்தோட, பாம்போட, வட்டிக்காரனோட குடித்தனம் பண்றவன். நான் கேட்டது பயத்துல இல்ல, கணக்கு. மாடு வாங்கினாக்கூட முட்டுமான்னு கேட்டுட்டுத்தான் வாங்குவோம். முட்டுமான்னு கேட்டா, நீ பால் குடிக்கிறதுக்கு எதிரியான்னு கேட்கிறது என்ன நியாயம்?

நம்ம ஆளுங்க கிட்டயும் எனக்கு வருத்தம் இருக்கு. என் மருமகன் கையைப் பார்க்க வந்தவங்க அத்தனை பேரும் "நேரம் சரியில்ல", "அஷ்டமியில மோட்டாரைத் தொட்டிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களே. நேரத்து மேல பழியைப் போட்டா கம்பெனிக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்ல. மோட்டார்ல ஒருத்தன் செத்தா பேப்பர்ல "மின்சாரம் தாக்கி விவசாயி பலி"ன்னு நாலு வரி. என்ன பொட்டி, எப்படி மாட்டினது, கரண்டு எப்ப போய் எப்ப வந்துச்சு, ஒண்ணும் இருக்காது. ஒருத்தன் செத்ததுல இருந்து இன்னொருத்தன் கத்துக்கிறதுக்கு வழியே இல்ல. விமானம் விழுந்தா ஒரு துகள் விடாம பொறுக்கி எடுத்து ஏன்னு கேக்குறாங்க. ஓசதுர்காவுல ஆள் சாகாமலே ஒருத்தர் உட்கார்ந்து கடிதம் எழுதினாரு. நாம "நல்லவேளை"ன்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிடறோம்.

இன்னொண்ணு. பொட்டியை நம்ம ஊர் ஆளு திறந்து பார்க்கக் கூடாதாம். திறந்தா வாரண்டி போச்சாம். அமெரிக்காவுல டிராக்டர் வச்சிருக்கிற விவசாயிங்களும் இதுக்குத்தான் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. 2023-ல கொலராடோ மாநிலம், விவசாய மெஷினை விவசாயியே ரிப்பேர் பார்க்கத் தேவையான கருவியும் விவரமும் கம்பெனி தரணும்னு சட்டமே போட்டுச்சு. ஆயிரக்கணக்குல ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கே சட்டம் வேண்டியிருக்கு. ரெண்டரை ஏக்கர்காரன் எம்மாத்திரம்? இதைப் பத்தித் தனியா எழுதுறேன்.

இப்ப நான் என்ன செஞ்சிருக்கேன்னு கேப்பீங்க. பொட்டியைக் கழட்டல. பொட்டிக்கு முன்னாடி, கைப்பிடி கீழ எறக்கினா பூட்டு மாட்ட ஓட்டை இருக்கிற மெயின் சுவிட்ச் ஒண்ணு வச்சிருக்கேன். பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. கிணத்துல யார் எறங்குறாங்களோ சாவி அவங்க அரைஞாண் கயித்துல. எங்கிட்ட இல்ல, மேல நிக்கிறவன்கிட்ட இல்ல, எறங்குறவன்கிட்ட. பெரிய ஃபேக்டரிகள்ல இது சட்டமாவே இருக்குன்னு மகள் சொன்னா, ஒவ்வொருத்தன் பூட்டும் அவனவன் சாவியும். அப்புறம் பீஸ் கட்டையையும் உருவிடறோம். ஆட்டோ மோடை மொத்தமா எடுத்துட்டேன். நானா சொன்னா மட்டும் ஓடட்டும், கரண்டு போய் வந்தா சும்மா கிடக்கட்டும். ஒரு நாள் தண்ணி பாயலைன்னா பயிர் வாடும், மறுநாள் நிமிர்ந்துக்கும். மருமகன் கை இன்னும் முழுசா மடங்கல. வலது கை. களைக்கொத்து புடிக்க முடியல, போன் மட்டும் தட்டுறான்.

கம்பெனிக்கு மகள் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தா, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். கரண்டு வந்து ஓடுறதுக்கு முன்னாடி மணி அடிக்கணும். கடைசியா ஆஃப்னு சொன்னா, திரும்ப ஆன்னு சொல்ற வரைக்கும் ஆஃப்தான், நடுவுல கரண்டு எத்தனை தரம் போய் வந்தாலும். பொட்டி மேல பூட்டுற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கணும், அதை எந்தப் போனும் மீற முடியக் கூடாது. தமிழ்ல புத்தகம். இவ்வளவுதான் கேட்டிருக்கேன், நஷ்டஈடு கேக்கல. பதில் வரல.

அடுத்து கள்ளக்குறிச்சியில விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு இதை மனுவா எடுத்துட்டுப் போறேன். மானியம் கொடுக்கிற பொட்டிக்காவது இந்த நாலும் இருந்தாத்தான் மானியம்னு சொல்லுங்கன்னு கேக்கப் போறேன். உளுந்தூர்பேட்டை, திருநாவலூர் பக்கம் இருந்து வர்றவங்க சேர்ந்தே போகலாம். வரும்போது உங்க பொட்டியோட வந்த புத்தகத்தை மறக்காம எடுத்துட்டு வாங்க. எந்த மொழியில இருக்குன்னு மேசை மேல அடுக்கிக் காட்டணும்.